சிலிக்கானா, சிலிக்கோனா? சித்தப்பா வாங்கிய பாட்டில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது. போன கார்த்திகை மாசம், காலையில ஆறரை மணி. கீழ்வேளூர் பக்கத்துலேர்ந்து சித்தப்பா. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, நேரா கேள்விதான்: "தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே? சிலிக்கான் அடிச்சா பயிர் கருகுமாடா?"

கருகாதுன்னு சொன்னேன். "இங்க கருகியிருக்கே"ன்னார்.

நாகப்பட்டினம் மாவட்டம் காவிரியோட கடைமடை. மேட்டூர்ல திறக்கிற தண்ணி எல்லாருக்கும் கொடுத்துட்டு கடைசியா வர்ற இடம். ஆனா மழைத்தண்ணி மட்டும் முதல் ஆளா வந்து நிக்கும். சம்பா பயிர் கதிர் பிடிக்கிற நேரத்துல ஒரு பெருமழையும் காத்தும் சேர்ந்து வந்தா பயிர் அப்படியே சாஞ்சிடும். சாஞ்ச கதிர் தண்ணியில கிடந்தா நெல்லு வயல்லயே முளைச்சிடும். அதனால "தண்டு கெட்டியாகும், சாயாது"ன்னு யார் சொன்னாலும் அங்க காது கொடுப்பாங்க. ஏதோ ஒரு கூட்டத்துல "சிலிக்கான் சத்து கொடுத்தா நெல் தண்டு உறுதியாகும்"னு சித்தப்பா கேட்டிருக்கார். கேட்டது சரியான தகவல்தான். கடைக்குப் போய் "சிலிக்கான் இருக்கா?"ன்னு கேட்டிருக்கார். கடைப் பையனும் "இருக்கு"ன்னு ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்திருக்கான். பத்து லிட்டர் டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்தி அடிச்சிருக்கார். நாலு நாள்ல இலை நுனியெல்லாம் பழுப்பு.

லேபிளை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்துல "சிலாக்ஸேன்"னு இருந்துச்சு. அது சிலிக்கான் சத்து இல்ல. சிலிக்கோன். மருந்துத் தெளிப்போட கலக்குற பரப்பான், கடையில ஸ்ப்ரெடர்ம்பாங்க. இந்த விஷயத்துல யாரும் யாரையும் ஏமாத்தல. அவர் ஒரு சொல்லைக் கேட்டார், கடைக்காரர் அந்தச் சொல்லுக்கு அங்க என்ன பொருளோ அதைக் கொடுத்தார். தமிழ்ல எழுதிப் பாருங்க: சிலிக்கான், சிலிக்கோன். நடுவுல ஒரு இரட்டைக்கொம்புதான் வித்தியாசம். பேச்சுல அதுவும் போயிடும். செல்போன் உறை, தோசைக் கரண்டி, பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல அடைக்கிற பசைன்னு எல்லாத்தையும் நாம "சிலிக்கான்"னுதான் சொல்றோம். எல்லாம் சிலிக்கோன்.

இந்தக் குடும்பத்துப் பேர்கள் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அன்னைக்குத் தேட ஆரம்பிச்சேன். பாதிப் பேர் தப்பான யூகத்துல வச்ச பேர்.

முதல்ல சிலிக்கா. லத்தீன்ல "சிலெக்ஸ்"னா கடினமான கல், குறிப்பா தீக்கல். நம்ம சிக்கிமுக்கிக் கல். வேதிப்படி பார்த்தா அந்தக் கல்லே சிலிக்காதான், அதாவது ஒரு சிலிக்கான் அணுவுக்கு ரெண்டு ஆக்சிஜன் அணுங்கிற கணக்குல சேர்ந்தது. ஆத்து மணல்ல பெரும்பகுதியும் அதுதான். இங்க ஒரு சின்ன நிறுத்தம். "சிலெக்ஸ், சிலை, ரெண்டும் ஒண்ணுதானே, அப்போ சிலிக்கான் தமிழ்ச் சொல்தானே"ன்னு ஒரு பார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. சிலைக்குக் கல்லுங்கிற பொருள் உண்டு, அது சரி. ஆனா ஒலி ஒத்துப்போறதைத் தவிர வேற ஆதாரம் நான் எங்கயும் பார்க்கல. அதை நம்பாதீங்க. இந்தக் குடும்பத்துல நிஜமாவே நம்ம பக்கத்துச் சொல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, கொஞ்ச நேரத்துல அங்க வர்றேன்.

1789-ல லவாய்சியே பிரான்ஸ்ல வெளியிட்ட தனிமங்கள் பட்டியல்ல 33 பொருள் இருந்துச்சு. அதுல சுண்ணாம்பு, மக்னீசியாவோட சிலிக்காவும் ஒண்ணு. அன்னைக்கு அதை உடைக்க யாராலயும் முடியல, அதனால தனிமங்கள் வரிசையில வச்சார். ஆனா இதெல்லாம் ஏதோ உலோகத்தோட ஆக்சைடா இருக்கும்னு அவருக்கே சந்தேகம். 1808-ல ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கப் பார்த்தார். சோடியம், பொட்டாசியத்தை அப்படித்தான் முந்தின வருஷம் பிரிச்சிருந்தார். சிலிக்கா மசியல. ஆனா உள்ள உலோகம்தான் இருக்கும்னு முடிவு பண்ணி, உலோகங்களுக்கு வைக்கிற "இயம்" விகுதியோட "சிலிசியம்"னு பேர் வச்சிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னாடி பேர் சூட்டு விழா.

1817-ல தாமஸ் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், இது உலோகம் மாதிரி நடந்துக்காது, கார்பன், போரான் மாதிரிதான் இருக்கும்னு சொல்லி, விகுதியை மட்டும் மாத்தினார். கார்பன்ல இருக்கிற "ஆன்" இங்க வந்துச்சு. சிலிக்கான். அப்பவும் அந்தத் தனிமத்தை யாரும் ஒழுங்காத் தனியாப் பார்க்கல! 1824-ல ஸ்வீடன்ல பெர்சிலியஸ் பொட்டாசியத்தோட சூடாக்கி ஒரு பழுப்புப் பொடியாப் பிரிச்செடுத்தார். பேர் மாறி ஏழு வருஷம் கழிச்சு. தாம்சன் யூகம் பெரும்பாலும் சரி. அது உலோகமும் இல்ல, முழு அலோகமும் இல்ல, நடுவாந்திரம். அந்த நடுவாந்திரக் குணத்தாலதான் இன்னைக்கு உங்க போன் சிப் அதுல ஓடுது. பிரெஞ்சுக்காரங்களும் ஜெர்மன்காரங்களும் மட்டும் டேவி வச்ச சிலிசியத்தை விடவே இல்ல. நாம இன்னும் வேடிக்கை. தனித்தமிழ்ல சிலிக்கானுக்கு "மண்ணியம்"னு ஒரு பேர் இருக்கு. மண் நல்ல பொருத்தம், பூமியோட மேலோட்டுல எடைக்கணக்குல கால்பங்குக்கு மேல சிலிக்கான்தான். ஆனா விகுதியைப் பாருங்க, "இயம்". டேவியோட பழைய யூகம் சத்தமில்லாம நம்ம சொல்லுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. இலங்கைப் பாடப்புத்தகத்துல சிலிக்கன்னு குறில் போட்டு எழுதுவாங்க.

அடுத்து சித்தப்பா பாட்டில்ல இருந்தது, சிலிக்கோன். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல ஃபிரெடரிக் கிப்பிங்னு ஒரு பேராசிரியர். 1900-களோட ஆரம்பத்துல அவர் சிலிக்கானை வச்சு கரிமச் சேர்மங்கள் மாதிரியே செய்ய முயற்சி பண்ணிட்டு இருந்தார். கீட்டோன் தெரியும்ல? நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன் ஒரு கீட்டோன். அதுல கார்பனும் ஆக்சிஜனும் ரெட்டைக் கையால பிடிச்சிருக்கும். கார்பன் இருந்த இடத்துல சிலிக்கானைப் போட்டா "சிலிகோ-கீட்டோன்" கிடைக்கும்னு கணக்குப் போட்டார். அந்தப் பேர் சுருங்கி சிலிக்கோன். எழுதின விகிதாசாரம் சரியாத்தான் வந்துச்சு, ஆனா கையில வந்தது கீட்டோன் இல்ல, பசை மாதிரி ஒட்டுற ஏதோ ஒண்ணு. காரணம் இதுதான்: சிலிக்கான் ஆக்சிஜனை ரெட்டைக் கையால பிடிச்சிக்கிட்டு தனியா நிக்க விரும்பாது. ஒரு கை இந்தப் பக்க ஆக்சிஜன், இன்னொரு கை அந்தப் பக்க ஆக்சிஜன்னு கோத்துக்கும். கோத்துக் கோத்து நீளமான சங்கிலி ஆயிடும். கிப்பிங்குக்கு அது படிகமாகாத, சுத்தம் பண்ண முடியாத தொல்லை. 1940-கள்ல அந்தத் தொல்லையே ரப்பராவும் எண்ணெயாவும் தொழிற்சாலைகள்ல ஓட ஆரம்பிச்சிருச்சு. பேர் தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒட்டினது ஒட்டினதுதான். வேதியியல்காரங்க மட்டும் சரியான பேரா சிலாக்ஸேன்னு சொல்வாங்க. சில்-னா சிலிக்கான், ஆக்ஸ்-னா ஆக்சிஜன், ஏன்-னா மீத்தேன் வகையறாவோட வால். லேபிள்ல இருந்தது அந்தச் சரியான பேர்தான். அது பொடி எழுத்துல இருந்துச்சு, தப்பான பேர்தான் வாயில இருந்துச்சு.

அந்த வாலைப் பத்தியும் சொல்லிடறேன். ஆல்ஃப்ரட் ஸ்டாக்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 1916-ல சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுவுக்கு, மீத்தேனைப் பார்த்து, சிலேன்னு பேர் வச்சார். மீத்தேன் அடுப்புல நீங்க பத்த வச்சாத்தான் எரியும். சிலேன் காத்துப் பட்டாலே பத்திக்கும். ஒரே அச்சுல வார்த்த ரெண்டு பேர், குணம் மட்டும் வேற. சோலார் பேனல், சிப் செய்யிற இடங்கள்ல பூட்டி வச்சுப் பயன்படுத்துவாங்க.

சரி, அந்தப் பாட்டில் பயிருக்கு என்னதான் செய்யும்? நெல் இலை மேல தண்ணி ஒட்டாது. சேம்பு இலை மேல துளி உருளும்ல, அதே மாதிரி. மருந்து அடிச்சா துளி உருண்டு கீழ விழுந்துடும். இந்தப் பரப்பானை லிட்டருக்கு அரை மில்லி அளவுல சேர்த்தா துளி தட்டையாப் படர்ந்து இலையை நனைக்கும். அவ்வளவுதான் வேலை. சோப்பு மாதிரி. சித்தப்பா அதைச் சத்துன்னு நினைச்சு ரெண்டு மூடி, அதாவது சொன்ன அளவைப்போல எட்டுப் பத்து மடங்கு ஊத்திட்டார். இலையோட மெழுகுப் பூச்சு தாங்கல. நல்லவேளை, கருகினது நுனியோட நின்னுச்சு, புது இலை பச்சையாத்தான் வந்துச்சு.

இதுல என்னை உறுத்தின விஷயம், அவர் தேடிப் போன சிலிக்கான் அவர் வயல்லயே கொட்டிக் கிடந்ததுதான்.

பயிர்கள்ல நெல் ஒரு சிலிக்கான் பைத்தியம். வைக்கோலோட காய்ந்த எடையில பத்து சதவீதம் வரைக்கும் சிலிக்கா இருக்கலாம். மணலை அது அப்படியே சாப்பிட முடியாது. மண்ணுல கரைஞ்ச சிலிசிக் அமிலமாத்தான் வேர் உறிஞ்சும். அமிலம்னதும் பயப்படாதீங்க, நாம குடிக்கிற தண்ணியிலயும் கொஞ்சம் இருக்கு. பேர்தான் அமிலம், மகா சாது. வேர்ல அதை உள்ள விடுறதுக்குன்னே ஒரு தனி வாசல் புரதம் இருக்கு. ஜப்பான்ல மா ஜியான் ஃபெங் குழு 2006-ல அதுக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. உள்ள போன சிலிசிக் அமிலம் தண்ணியோட மேல ஏறி, இலை, தண்டு, உமின்னு தண்ணி ஆவியாகுற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி படிஞ்சிடும். தண்டு விறைக்கிறது அதனாலதான். குலைநோய்க் காளான் துளைச்சு உள்ள போறது கஷ்டமாகும், புகையான் பூச்சிக்கும் அப்படி எளிசா இருக்காது. செடிக்குள்ள படியிற இந்தத் துணுக்குகளுக்கு ஃபைட்டோலித்னு பேர், கிரேக்கத்துல "செடிக்கல்". பயிர் மக்கின பிறகும் இது மண்ணுல கிடக்கும். அதனால தொல்லியல்காரங்க ஒரு இடத்துல நெல் விளைஞ்சுதான்னு இதை வச்சே பார்க்கிறாங்க.

நம்ம ஊர்ல இதுக்குச் சொல் இல்லைன்னு நினைக்காதீங்க. கதிரடிக்கிற களத்துல நின்னிருக்கீங்களா? உடம்பெல்லாம் அரிக்கும். "சுணை புடுங்குது"ம்பாங்க. சுணைங்கிறது நெல் மேலயும் தாள் மேலயும் இருக்கிற அந்த நுண்ணிய முள். அதைக் கூர்மையா, விறைப்பா வச்சிருக்கிறது சிலிக்கா. என் சின்ன வயசுல நாத்தங்கால்ல ஓடினா முழங்கால்ல கோடு கோடா கிழிக்குமே, அதுவும் அதே வேலைதான். யாரும் சிலிக்கான்னு சொல்லல, சுணைன்னு சொன்னாங்க. எனக்கு அந்தச் சொல்தான் துல்லியமாப் படுது. பொருளோட பேரை அது சொல்லல, அது செய்யிற வேலையைச் சொல்லுது.

உமி இன்னும் கதை. நூறு கிலோ நெல்லை அரைச்சா சுமார் இருபது கிலோ உமி. அதை எரிச்சா நாலு கிலோ சாம்பல். அந்தச் சாம்பல்ல பத்துல ஒன்பது பங்கு வரைக்கும் சிலிக்கா. எங்க ஆயா உமிக்கரியில பல்லு விளக்கினதும், பித்தளைப் பாத்திரம் தேய்ச்சதும் இந்தச் சுரசுரப்பை நம்பித்தான். பாத்திரத்துக்கு நல்லது. பல்லுக்குத் தினமும் போட்டா எனாமல் தேயும், அதனால டப்பாவுல அழகா அடைச்சு ஆன்லைன்ல விக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. அரிசி ஆலைக் கொதிகலன்ல அதிக வெப்பத்துல எரியிற உமியோ வேற விவகாரம். எழுநூறு டிகிரிக்கு மேல போகப் போக சிலிக்கா படிகமா மாற ஆரம்பிக்கும். படிகச் சிலிக்காத் தூசி வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல் தழும்பேறிப் போகும். அந்த நோய்க்கு 1870-ல விஸ்கான்ட்டின்னு ஒரு இத்தாலிய மருத்துவர் வச்ச பேர் சிலிக்கோசிஸ். கல் உடைக்கிறவங்க, கிரானைட் அறுக்கிறவங்களைப் பிடிக்கிற நோய். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பார்த்து பயப்படுறவங்க, பக்கத்துத் தெருவுல முகமூடி இல்லாம டைல்ஸ் அறுக்கிறவரைக் கண்டுக்கிறதே இல்ல. ஜெல் படிகம் இல்ல, ஈரத்தை இழுத்துக்கிற நுண்துளைக் கண்ணாடி, அவ்வளவுதான்.

இப்போ, சொல்றேன்னு சொன்ன அந்த நம்ம சொல்.

நெல் அறுத்தா அரிவாள் சீக்கிரம் மழுங்கும். காரணம் தெரிஞ்சிருச்சு, தாள் முழுக்கக் கண்ணாடித் துணுக்கு. மழுங்கின அரிவாளைத் தீட்டுற சாணைக்கல்லைக் கடையில "கார்போரண்டம் கல்"னு கேட்டு வாங்குவாங்க. அது சிலிக்கான் கார்பைடு. சிலிக்கான்னு பேர்ல எங்கயுமே இல்லாத சிலிக்கான் சேர்மம்! 1891-ல அமெரிக்காவுல எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால காய்ச்சினார். பளபளன்னு கடினமான படிகம் வந்துச்சு. களிமண்ல அலுமினா இருக்கு, அப்போ இது கார்பனும் அலுமினாவும் சேர்ந்த ஏதோ ஒண்ணுன்னு நினைச்சார். அலுமினாவோட இயற்கைப் படிகத்துக்குப் பேர் கொரண்டம். கார்பன் கூட்டல் கொரண்டம், கார்போரண்டம். அப்புறம் பார்த்தா அலுமினியம் இல்ல, களிமண்ல இருந்த சிலிக்கான்தான் கார்பனோட சேர்ந்திருக்கு. மறுபடியும் தப்பான யூகம், மறுபடியும் ஒட்டின பேர்.

அந்தக் கொரண்டம் எங்கேர்ந்து வந்துச்சு? அகராதிகள் காட்டுறது தமிழ்க் "குருந்தம்". வடமொழியில மாணிக்கத்தைக் குறிக்கிற குருவிந்தத்தோட உறவு. சேலம், நாமக்கல் பக்கம் மண்ணுல கிடைக்கிற கல், ரத்தினம் பட்டை தீட்டுறவங்க பயன்படுத்தினது. சார்லஸ் கிரெவில் 1798-ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல இந்தக் கல்லைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். அதுக்கும் முன்னாடி, 1700-களோட முதல் பாதியில ஜான் உட்வர்டோட கற்கள் பட்டியல்ல, சென்னைக் கோட்டையிலேர்ந்து போன மாதிரிகளோட சேர்த்து, "நெல்ல கொரிவிண்டம்"னு ஒரு பதிவு இருக்கு. நெல் விளையிற வயல்ல எலி வளை தோண்டும்போது வெளிய தள்ளுற கல்லாம். படிச்சதும் "நெல்"லுன்னு குதிச்சேன். அடுத்த பதிவு "தெல்ல கொரிவிண்டம்". தெலுங்குல தெல்ல-ன்னா வெள்ளை, நல்ல-ன்னா கறுப்பு. அப்போ முதல் பேரும் கறுப்புக் குருந்தமாத்தான் இருக்கணும். அடங்கி உட்கார்ந்தேன். சிலை-சிலெக்ஸ் பார்வர்டு அனுப்பினவங்களை அதுக்கப்புறம் ரொம்பத் திட்டல. நானும் அதே பள்ளத்துல ஒரு கால் வச்சவன்தான்.

ஆக, 1954-ல சென்னையில ஆரம்பிச்ச கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனி பேர்லயும், கீழ்வேளூர்ல அரிவாள் தீட்டுற கல்லுலயும், ஒரு தமிழ்ச் சொல் அமெரிக்காவுக்குப் போய் தலையில கார்பனைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு.

சித்தப்பாகிட்ட இவ்வளவும் சொல்லல. அவருக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன். சத்து வேணும்னா லேபிள்ல "சிலிசிக் அமிலம்" இல்லேன்னா "சிலிக்கேட்"னு இருக்கணும். "சிலிக்கோன்", "சிலாக்ஸேன்"னு இருந்தா அது பரப்பான், அளவு தாண்டக் கூடாது. அதுக்கும் முன்னாடி, வைக்கோலை முழுக்க வித்துட்டு சிலிக்கானைக் காசு கொடுத்து வாங்குறது சரியான கணக்கில்ல. நெல் மண்ணுலேர்ந்து எடுத்ததுல பெரும்பங்கு தாள்லயும் உமியிலயும்தான் நிக்குது. அதை எருவாவோ சாம்பலாவோ வயலுக்குத் திருப்பினா மெதுவாக் கரைஞ்சு மறுபடி வேருக்கு வரும். களிமண் பூமியில சிலிக்கேட்டுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா அது கல்லாப் பூட்டிக் கிடக்கும். செடியிலேர்ந்து வர்ற சிலிக்கா அதைவிட எளிசாக் கரையும்.

எல்லாம் கேட்டுட்டு, "வைக்கோலை விக்காம மாட்டுக்கு என்ன புண்ணாக்கா வாங்க முடியும்? டீசலுக்கு யார் காசு தர்றது?"ன்னார். அதுக்கு என்கிட்ட வேதியியல்ல பதில் இல்ல.

அந்த வருஷம் தை மாசம் ஒரு மழை. அவர் வயல்ல ஒரு மூலை சாஞ்சுது, பக்கத்து வயலும் சாஞ்சுது. பாட்டிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, மழை அப்படி. பொங்கல் கழிச்சு ஊருக்குப் போனப்போ மருந்துப் பெட்டியில அந்தப் பாட்டில் பாதி அப்படியே இருந்துச்சு. மேல மார்க்கரால பெரிசா "கோ"ன்னு எழுதி வச்சிருக்கார். பக்கத்துல, டேங்குக்கு அஞ்சு மில்லி.